கூடி அமர்தலும் தன்னை ஆராய்தலும்

பலர் ஓரிடத்தில் ஒரே நேரத்தில் மௌனமாக அமர்ந்து மனத்தை ஒருமுகப்படுத்துவது கூட்டுத் தவம் எனப்படும். தம் எண்ணம், ஆசை, சினம், கவலை ஆகியவை எங்கிருந்து எழுகின்றன, எப்படி வளர்கின்றன என்பதை ஒருவர் தாமே பார்த்துச் சீர்செய்துகொள்ளும் பயிற்சி அகத்தாய்வு அல்லது தற்சோதனை எனப்படும். இவ்விரண்டையும் ஒரே அமர்வில் இணைத்து நடத்தும் குழுக்கள் தமிழகத்தில் சிற்றூர் வரை பரவியிருப்பினும், இணைப்பில் உள்ள ஓர் இடர் பெரும்பாலும் கவனிக்கப்படுவதில்லை. தவம் கூட்டத்தால் வலுப்பெறுகிறது. தனியே இருபது நிமிடம் அமர இயலாதவர்கூடப் பிறர் அமர்ந்திருக்கும்போது எழுந்து போகத் தயங்கி, அத்தயக்கத்தின் உதவியாலேயே பயிற்சியில் நிலைக்கிறார். ஆராய்ச்சியோ கூட்டத்தால் எளிதில் கெட்டுப்போகிறது. பிறர் கேட்கின்றனர் என்ற நினைப்பு வந்தவுடன் ஒருவர் தம்மைப் பற்றிச் சொல்வது சற்றே ஒப்பனை பெற்றுவிடுகிறது, குற்றத்தை ஒப்புக்கொள்வதிலும் அந்த ஒப்பனை புகுந்துவிடுகிறது. எனவே, உறுப்பினருக்குக் குழு தர வேண்டியவை குறித்த நேரமும் மௌனமும் தேவைப்படும்போது ஒரு நல்ல கேள்வியும் மட்டுமே, விடை காண்பது அவரவர் பொறுப்பு என்ற நிலைப்பாட்டிலிருந்தே இவ்வத்தியாயத்தின் செய்முறைகள் அனைத்தும் வகுக்கப்பட்டுள்ளன.

கூட்டுத் தவத்தின் ஆற்றலைப் பற்றி மிகைப்பட்ட உரிமைகோரல்களும் உண்டு. 1993ஆம் ஆண்டில் அமெரிக்கத் தலைநகர் வாஷிங்டனில் ஏறத்தாழ 4,000 பேர் கூடித் தியானம் செய்ததால் வன்குற்றங்கள் குறைந்தன என ஆழ்நிலைத் தியான இயக்கத்தார் அறிவித்தனர். அந்தக் கணக்கீட்டை அறிவியலாளர் பலர் ஏற்கவில்லை. இத்தகைய நம்பிக்கைகளை வைத்திருப்பதும் விடுவதும் அவரவர் விருப்பம். கூடி அமர்வதால் பழக்கம் நிலைபெறுகிறது, தொடக்கநிலையினருக்குத் துணை கிடைக்கிறது, ஐயம் கேட்க ஆள் இருக்கிறது என்னும் அளவிலேயே குழு பயனுடையது; அதற்கு மேல் இந்நூல் எதையும் எதிர்பார்க்கவில்லை.

இருவேறு ஆராய்ச்சிகள்

தன்னை ஆராய்தல் என்ற ஒரே பெயரால் தமிழ்நாட்டில் இருவேறு பயிற்சிகள் சுட்டப்படுகின்றன; பயிற்சியைத் தொடங்கும் குழு இவற்றுள் எதை மேற்கொள்கிறது என்பதை முதலில் தெளிவாக்கிக்கொள்வது நன்று. 1896ஆம் ஆண்டு செப்டம்பர் முதல் நாளன்று திருவண்ணாமலை வந்து 1950இல் மறையும்வரை அங்கேயே வாழ்ந்த ரமண மகரிஷி காட்டியது ஆன்ம விசாரம். இதில் எண்ணத்தின் உள்ளடக்கம் ஆராயப்படுவதில்லை. எந்த எண்ணம் எழுந்தாலும் அது யாருக்கு எழுந்தது என்று வினவி, எனக்கு என்று தோன்றும் அந்த ‘நான்’ எங்கிருந்து கிளம்புகிறது என்று கவனத்தை உள்ளே திருப்புவதே முறை. சிவப்பிரகாசம் பிள்ளை என்ற அன்பர் 20ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் கேட்ட வினாக்களுக்கு ரமணர் எழுதிக் காட்டிய விடைகளே பின்னர் ‘நான் யார்?’ என்ற சிறுநூலாயின. அவ்வினாவுக்குச் சொல்லால் அமையும் விடை எதுவும் எதிர்பார்க்கப்படவில்லை என்பதைப் புதியவர் பலர் உணர்வதில்லை. ‘நான் ஆன்மா’ என்று மனத்துக்குள் சொல்லிக்கொண்டே இருப்பது விசாரம் ஆகாது. ரமணாசிரமத்தின் பழைய ஹாலில் அவருடன் அமர்ந்தோருக்கு வகுப்பு என்றோ பாடத்திட்டம் என்றோ ஒன்றும் இருக்கவில்லை. கேட்டவருக்கு விடை கிடைத்தது, பலருக்கு மௌனமே கிடைத்தது, அதுவே போதும் என்று அவர்கள் இருந்தனர்.

கூடுவாஞ்சேரியில் 1911இல் நெசவாளர் குடும்பத்தில் பிறந்த வேதாத்திரி மகரிஷி வகுத்த மனவளக்கலையின் அகத்தாய்வு வேறு வகையினது. 1958இல் அவர் தொடங்கிய உலக சமுதாய சேவா சங்கத்தின் மன்றங்களிலும் தவமையங்களிலும், ஆழியாற்றில் உள்ள அறிவுத் திருக்கோயிலிலும் இன்று கற்பிக்கப்படும் அப்பயிற்சி, எண்ணம் ஆராய்தல், ஆசை சீரமைத்தல், சினம் தவிர்த்தல், கவலை ஒழித்தல் எனப் படிப்படியாகச் சென்று, இறுதியில்தான் ‘நான் யார்?’ என்ற வினாவைத் தொடுகிறது. கைத்தறியும் வணிகமுமாகக் குடும்பத்தில் இருந்துகொண்டே பயின்ற ஒருவர், இல்லறத்தாருக்காக வகுத்த முறை என்பது இவ்வரிசையிலேயே தெரியும். பிறவியை அறுப்பதற்கு முன்னர் வீட்டில் சோறு பரிமாறும்போது எழும் எரிச்சலைக் கவனிக்கச் சொல்கிறது அது.

ஒரே அமர்வில் இரண்டையும் கலப்பது விரும்பத்தக்கதன்று. எண்ணத்தின் உள்ளடக்கத்தை விட்டுவிடு என்று ஒரு முறையும், அதையே எழுதிவைத்துப் பார் என்று மற்றொரு முறையும் கூறும்போது, தொடக்கநிலையினர் எதையும் முழுமையாகச் செய்யாமல் இரண்டின் சொற்களை மட்டும் கற்றுக்கொண்டு போவர். உணர்ச்சிகளைச் சீர்செய்வதே முதன்மைத் தேவை என்று கருதும் குழுவுக்கு இரண்டாவது முறையே ஏற்றது. கீழ்வரும் செய்முறை அதைத் தழுவி அமைந்தது.

அமர்வின் ஒழுங்கு

ஆறு பேருக்குக் குறைந்தால் ஓரிருவர் வராத நாளில் குழு களையிழந்துவிடும். பன்னிருவருக்கு மேற்பட்டால் பகிர்தலுக்கு நேரம் போதாது. வாரம் ஒருமுறை, ஒரே கிழமையில், ஒரே இடத்தில், எழுபத்தைந்து நிமிடம் என வகுத்துக்கொண்டு, அதில் முதல் பத்து நிமிடத்தை உடலைத் தளர்த்துவதற்கும், அடுத்த இருபத்தைந்து நிமிடத்தைத் தவத்துக்கும், பின்னர் இருபத்தைந்து நிமிடத்தை எழுதுவதற்கும், எஞ்சிய பதினைந்தைப் பகிர்வதற்கும் ஒதுக்கலாம். இடம் வீட்டுக் கூடமாகவோ பள்ளி வகுப்பறையாகவோ கோயில் மண்டபமாகவோ இருக்கலாம். மின்விசிறியின் ஓசையும் தெருவின் ஓசையும் இருக்கத்தான் செய்யும், அவற்றை நிறுத்த முயன்று நேரத்தை வீணாக்குவதைவிட ஏற்றுக்கொண்டு தொடங்குவதே நன்று. உணவு உண்டு இரண்டு மணி நேரமாவது கழிந்திருப்பது நல்லது. முழங்கால் வலி உள்ளவருக்கு நாற்காலி போடுவதில் குழு எவ்விதத் தயக்கமும் காட்டலாகாது. தரையில் அமர்வது உயர்வு என்ற எண்ணம் மெல்ல நுழைந்துவிட்டால் முதியவர் வலியைப் பொறுத்துக்கொண்டு கீழே அமர்வர், தவம் முழுவதும் முழங்காலைப் பற்றியதாகவே ஆகிவிடும்.

மனவளக்கலை மன்றங்களில் இறைவணக்கமும் குரு வணக்கமும் பாடித் தொடங்கி, உலக நல வாழ்த்தோடு முடிப்பது வழக்கம். பல சமயத்தாரும் சமயம் பேணாதவரும் சேர்ந்த குழுவாயின், எதைப் பாடுவது அல்லது பாடாமலேயே மணி ஒலித்துத் தொடங்குவதா என்பதை முதல் கூட்டத்திலேயே பேசி முடிவு செய்துகொள்ள வேண்டும். தொடக்கம் எவ்வாறாயினும் முடிவு தெளிவாக இருப்பது இன்றியமையாதது. இங்கிலாந்தில் 17ஆம் நூற்றாண்டில் தோன்றிய குவேக்கர் சமயத்தார் ஒரு மணி நேரம் போல மௌனமாக அமர்ந்து வழிபட்டபின், மூத்தவர் இருவர் கைகுலுக்கிக்கொள்வதையே முடிவின் அடையாளமாகக் கொள்கின்றனர். அச்சிறு செயலால், எப்போது கண் திறப்பது என்று ஒருவரை ஒருவர் ஓரக்கண்ணால் பார்க்கும் சங்கடம் நீங்கிவிடுகிறது. மணியோசையோ உள்ளங்கைகளைத் தேய்த்துக் கண்களில் ஒற்றிக்கொள்வதோ, ஏதேனும் ஒன்றை மாறாமல் வைத்துக்கொண்டால் போதும்.

தவத்தின் பொருள் எதுவாயிருக்க வேண்டும் என்பதில் ஓர் எல்லை உண்டு. புருவ மத்தியில் கவனம் வைக்கும் ஆக்கினைத் தவம் முதலியவை, பயிற்சி பெற்ற ஆசிரியரிடம் தீட்சை, அதாவது முறைப்படியான தொடக்கப் பயிற்சி, பெற்ற பின்னரே செய்யத்தக்கவை. அவற்றால் நெற்றியில் அழுத்தம் மிகும்போது கவனத்தை மூலாதாரத்துக்கு இறக்கும் சாந்தித் தவத்தைச் செய்யுமாறு அம்மரபே கற்பிக்கிறது, புத்தகம் படித்துத் தொடங்குவோர் இந்தப் பின்பாதியை விட்டுவிடுகின்றனர். தீட்சை பெறாதவர் கலந்திருக்கும் குழுவில், மூச்சு நாசியில் வந்து போவதை மாற்றாமல் கவனிப்பது போதுமானது. வழிநடத்துபவர் குறைவாகப் பேச வேண்டும். தொடக்கத்தில் நான்கைந்து வாக்கியம், நடுவில் ஒருமுறை நினைவூட்டல், அதற்கு மேல் அவர் குரலே பிறருக்கு இடையூறாகும். தாமதமாக வருபவர் மணி ஒலிக்கும்வரை வெளியே காத்திருப்பதும், உறங்கிவிட்டவரை எழுப்பாமல் விடுவதும், கைப்பேசிகள் அறைக்கு வெளியே ஒரு பெட்டியில் கிடப்பதும் தொடக்கத்திலேயே ஏற்கப்பட்ட வழக்கங்களாக இருக்கட்டும்.

ஏட்டில் ஆராய்தல்

தவம் முடிந்த கையோடு, பேச்சுக்கு இடம் கொடாமல், அவரவர் ஏட்டை எடுத்து எழுதத் தொடங்குவதே இம்முறையின் உயிர்நிலை. அவ்வேடு எழுதியவர் ஒருவருக்கே உரியது. குழுவில் எவரும், வழிநடத்துபவர் உட்பட, அதைப் படிக்கக் கேட்கலாகாது என்ற விதியை எழுத்திலேயே பொறித்து வைப்பது தகும். மனைவியும் கணவனும் ஒரே குழுவில் இருந்தால் இவ்விதியின் அருமை எளிதில் விளங்கும்.

எண்ணம் ஆராய்தலில், மனத்தில் மீண்டும் மீண்டும் வந்த எண்ணம் ஒன்றை எடுத்துக்கொண்டு அது எதிலிருந்து பிறந்தது எனப் பார்க்க வேண்டும். தேவை, பழக்கம், சூழ்நிலை நிர்ப்பந்தம், பிறர் மனத்தின் தூண்டுதல், கருவமைப்பு, தெய்வீகம் என எண்ணங்களின் தோற்றுவாயை வேதாத்திரி மகரிஷி ஆறாகப் பகுத்தார். கருவமைப்பு என்பது பெற்றோர் வழியே வந்த இயல்பைக் குறிக்கும். இவ்வாறில் எந்தப் பெட்டிக்குள் எண்ணத்தை அடைப்பது என்று நெடுநேரம் எண்ணத் தேவையில்லை. தேவை என்று நினைத்தது பழக்கமாக இருப்பதையும், தம் எண்ணம் என்று கருதியது மைத்துனர் சொன்ன ஒரு சொல்லின் எதிரொலியாக இருப்பதையும் காண முடிந்தாலே போதும். ஆசை சீரமைத்தலில், விரும்புபவற்றைப் பட்டியலிட்டு, ஒவ்வொன்றுக்கும் எதிரே அது உண்மையில் தேவையா, அதை அடைய வசதி உண்டா, அடைந்தால் விளைவு என்ன என்ற மூன்று வினாக்களைக் கேட்பது வழக்கம். ஆசையை ஒழி என்ற கட்டளை இங்கு இல்லை. பட்டியலில் பாதி தானே உதிர்ந்துவிடும், எஞ்சியவற்றுக்குத் திட்டம் வகுக்கலாம்.

சினம் தவிர்த்தலில் சற்று நின்று செல்வது தகும், ஏனெனில் குழுக்கள் பெரும்பாலும் இதை அறிவுரையாகவே சுருக்கிவிடுகின்றன. ஒருவர் யார் யாரிடம் சினம் கொள்கிறார் என்ற பட்டியலை எழுதும்போது, பகைவரைவிட வீட்டாரே மேலே வருவதைக் காண்பார்; நெருக்கம் உள்ள இடத்தில் எதிர்பார்ப்பு மிகுகிறது, எதிர்பார்ப்பு உள்ள இடத்தில் ஏமாற்றமும் மிகுகிறது. அப்பட்டியலிலிருந்து ஒருவரை மட்டும், அதுவும் மிகக் கடினமானவரை விட்டுவிட்டு நடுத்தரமான ஒருவரை, தேர்ந்துகொண்டு, அவரிடம் கடைசியாகச் சினந்த நிகழ்ச்சியை எழுத வேண்டும். எழுதும் முறையிலும் கவனம் வேண்டும்: என்ன நடந்தது, அப்போது உடலில் எங்கே சூடு ஏறியது, எந்தச் சொல் வாயில் வந்தது, அச்சொல்லுக்கு முந்திய நொடியில் எதை எதிர்பார்த்திருந்தார் என்ற வரிசையில் எழுதினால் நிகழ்ச்சி தெளிவாகும். ‘அவர் ஏன் எப்போதும் இப்படி?’ என்று தொடங்கினால் எழுத்து வழக்குரையாக மாறும். பின்னர், வரும் வாரத்தில் அவரிடம் சினம் எழக்கூடிய ஒரு சூழலை முன்னரே குறித்து, அப்போது என்ன செய்வது என்று ஒரே வரியில் எழுதிவைத்து, அவரை மனத்தில் நிறுத்தி ‘வாழ்க வளமுடன்’ என்று வாழ்த்தி முடிப்பது மனவளக்கலையின் வழக்கம். வாழ்த்துவதால் எதிராளி மாறுவாரா என்பது வேறு. நாள்தோறும் ஒருவரை வாழ்த்திக்கொண்டே அவர்மீது வன்மம் வளர்ப்பது கடினம் என்பது பயின்றோர் அறிந்தது. இங்கே ஒன்றைச் சொல்லாமல் விட முடியாது: அடியும் வசையும் அச்சுறுத்தலும் பொறுத்துக்கொண்டிருப்பவரிடம் சினத்தைத் தவிர்க்கச் சொல்வது தவறு, அவருடைய சினம் காக்கத்தக்க சினம், அவருக்கு வேண்டியது பாதுகாப்பு.

கவலை ஒழித்தலில், கவலைகளை நான்காகப் பிரிப்பது அம்மரபின் பயனுள்ள பங்களிப்பு: அனுபவித்தே தீர வேண்டியவை, தள்ளிப்போட வேண்டியவை, அலட்சியம் செய்ய வேண்டியவை, உடனே தீர்க்க வேண்டியவை. முதிய தந்தையின் தீராத நோய் முதல் வகை. மகளின் திருமணச் செலவு, அவள் இப்போது ஒன்பதாம் வகுப்பு என்றால், இரண்டாம் வகை. உறவினர் என்ன சொல்வரோ என்பது மூன்றாம் வகை. மின்கட்டணம் கட்டத் தவறியது நான்காம் வகை. எழுதிப் பார்த்தால் நான்காம் வகையில் இருப்பவை வியக்கத்தக்க அளவு சிலவே, அவற்றையும் பெரும்பாலும் மறுநாள் காலையே முடித்துவிடலாம்.

எழுதுவது எப்போதும் நலம் பயக்கும் என்று கொள்ளலாகாது. அமெரிக்க உளவியலாளர் ஜேம்ஸ் பென்னிபேக்கர் 1986இல் சாண்ட்ரா பீலுடன் வெளியிட்ட ஆய்வில், மனத்தைப் புண்படுத்திய நிகழ்ச்சியை நான்கு நாள் தொடர்ந்து பதினைந்து நிமிடம் எழுதிய மாணவர்கள், எழுதிய உடன் மனம் மேலும் தளர்ந்தே இருந்தனர். பின்வந்த மாதங்களில்தான் அவர்கள் மருத்துவ மையத்தை நாடுவது குறைந்தது. பிற்கால ஆய்வுகள் இப்பயன் சிறிதே என்று காட்டியுள்ளன. எழுதி முடித்த இரவு மனம் கனத்திருப்பது இயல்பு என்று உறுப்பினருக்கு முன்கூட்டியே சொல்லிவைப்பது நல்லது. இதனின் வேறானது அசைபோடுதல்: ஒரே வருத்தத்தை, எந்தப் புது விவரமும் இன்றி, வாரந்தோறும் ஒரே சொற்களில் எழுதிக்கொண்டிருத்தல். மூன்று வாரம் ஏட்டில் ஒரே பத்தி திரும்ப வந்தால் அப்பொருளை மூடிவைத்துவிட்டு, அவ்வாரம் செய்து முடித்த வேலைகளை மட்டும் எழுதச் சொல்லலாம்.

பகிர்தலும் கேட்டலும்

கடைசிப் பதினைந்து நிமிடம்தான் குழுக்கள் உடையும் இடம். ஒருவர் மனம் திறந்து பேசியதும், கேட்போர் எல்லாரும் மருத்துவராகிவிடுகின்றனர். தம் அக்கா மகனுக்கு நேர்ந்ததைச் சொல்வார் ஒருவர், குறள் ஒன்றை மேற்கோள் காட்டுவார் மற்றொருவர். பேசியவர் தலையசைத்துக் கேட்டுவிட்டு அடுத்த வாரம் வராமல் இருந்துவிடுவார்.

இதற்கு இரண்டு பழைய மரபுகள் மாற்று வழி காட்டுகின்றன. தேரவாதப் பௌத்தத் துறவியர் மூன்று மாத மழைக்கால உறைவின் முடிவில் செய்யும் பவாரணைச் சடங்கில், ஒவ்வொரு துறவியும் தம்மிடம் கண்டதோ கேட்டதோ ஐயுற்றதோ ஆகிய குறை ஏதும் உண்டாயின் சுட்டுமாறு சங்கத்தை வேண்டிக்கொள்கிறார். அழைப்பு குறை உடையவரிடமிருந்து வருகிறது என்பதே இங்கு கவனிக்கத்தக்கது. குவேக்கர்களின் தெளிவுக் குழு என்ற வழக்கம் இன்னும் நுட்பமானது. முடிவெடுக்க இயலாமல் தவிக்கும் ஒருவர் தாம் நம்பும் ஐந்தாறு பேரை அழைத்து, தம் சிக்கலைச் சுருக்கமாகச் சொல்கிறார். வந்தவர்கள் அறிவுரை கூறவோ தம் அனுபவத்தைச் சொல்லவோ கூடாது, திறந்த மனத்தோடு கேள்விகள் மட்டும் கேட்கலாம். கேள்விக்கும் கேள்விக்கும் இடையே மௌனம் இருக்கும். விடை சொல்லாமல் விடும் உரிமையும் அவருக்கு உண்டு. அங்குப் பேசப்பட்டது வெளியே போகாது.

கேள்வி வடிவில் வரும் அறிவுரையை இனங்காணப் பழகுவதே இதில் கடினமான பகுதி. ‘அவரிடம் மன்னிப்புக் கேட்டால் என்ன?’ என்பது கேள்வியன்று. ‘அவரிடம் பேச நினைக்கும்போது எது தடுக்கிறது?’ என்பது கேள்வி. கேட்பவருக்கு விடை முன்னரே தெரியும் என்று தோன்றினால் அக்கேள்வியை விட்டுவிடலாம் என்ற அளவுகோல் பெரும்பாலும் போதும். வாரக் கூட்டத்தில் ஒருவருக்கு மட்டும் இத்தகைய வாய்ப்பளித்து, மற்றவர் விரும்பினால் ஓரிரு வாக்கியம் பேசலாம், பேசாமலும் இருக்கலாம், ஒருவர் பேசியதற்கு மற்றவர் மறுமொழி கூறுவதில்லை என்று வைத்துக்கொள்ளலாம். அமைதியாகவே இருப்பவரை ‘நீங்களும் ஏதாவது சொல்லுங்களேன்’ என்று தூண்டுவது அன்பின்பாற்பட்டதாயினும் தவிர்க்க வேண்டியது.

எச்சரிக்கைகள்

வழிநடத்துபவர் குருவாகிவிடுவது மிக விரைவில் நிகழும். அவர் விரும்பாவிடினும் உறுப்பினர்கள் அவரைக் குருவாக்கிவிடுவர். மூன்று மாதத்துக்கொருமுறை பொறுப்பைச் சுழற்றுவதும், வரவு செலவை எல்லாரும் பார்க்கும் ஏட்டில் எழுதுவதும், தனியறையில் தனிப்பட்ட ஆலோசனை வழங்குவதை விலக்குவதும் இதற்குத் தடையாக அமையும். விலகிச் செல்பவரைப் பற்றி ‘வினை தீரவில்லை’ என்று பேசும் குழுவை விட்டு மற்றவரும் விலகுவது நல்லது.

தவம் எவருக்கும் தீங்கு செய்யாது என்ற நம்பிக்கை சரியன்று. அமெரிக்காவின் பிரவுன் பல்கலைக்கழக ஆய்வாளர்கள் மேற்கு நாட்டுப் பௌத்தத் தியானிகளிடமும் ஆசிரியர்களிடமும் நேர்காணல் எடுத்து 2017இல் வெளியிட்ட ஆய்வில், அச்சம், உறக்கமின்மை, தன்னுணர்வு குலைதல் போன்ற கடும் அனுபவங்களும் பதிவாகியுள்ளன. மனச்சிதைவு, இருமுனையப் பாதிப்பு முதலியவற்றுக்கு மருந்து உட்கொள்பவர் மருத்துவரைக் கேட்ட பின்னரே சேர வேண்டும். தவம் செய்வதால் மருந்தை நிறுத்தலாம் என்று குழுவில் எவரேனும் சொன்னால் வழிநடத்துபவர் அங்கேயே மறுக்க வேண்டும். கடும் மனச்சோர்வில் இருப்பவருக்குக் கண்ணை மூடி உள்ளே பார்ப்பது சுமையைக் கூட்டலாம். அமர்வின்போது எவருக்கேனும் நடுக்கமோ மூச்சுத்திணறலோ அடக்கமுடியாத அழுகையோ வந்தால், கண்ணைத் திறக்கச் செய்து, கால்களைத் தரையில் ஊன்றச் செய்து, அறையில் காணும் பொருள்களின் பெயரைச் சொல்லவைத்து, ஒருவர் உடனிருந்து வெளியே அழைத்துச் செல்லலாம். மற்றவர் தவத்தைத் தொடரலாம். உயிரை மாய்த்துக்கொள்ளும் எண்ணத்தை ஒருவர் வெளியிட்டால் இரகசியம் காக்கும் விதி அந்த இடத்தில் செல்லாது. அவரைத் தனியே விடாமல், நடுவண் அரசின் டெலி மானஸ் உதவி எண்ணான 14416ஐ அழைக்கவும், வீட்டாருக்கும் அருகிலுள்ள மருத்துவமனைக்கும் தெரிவிக்கவும் வேண்டும். இவ்விதிவிலக்கை முதல் கூட்டத்திலேயே எல்லாருக்கும் அறிவித்துவிட வேண்டும். சிகிச்சைக்குப் பின் அவர் திரும்பி வர விரும்பினால், மருத்துவரின் ஒப்புதலோடு, முதல் சில வாரம் கண் திறந்தபடி பத்து நிமிடம் மட்டும் அமர்ந்து, எழுதும் பகுதியில் கலந்துகொள்ளாமல் இருக்கலாம். எப்போது மீண்டும் ஏட்டைத் திறப்பது என்பதை அவரே தம் மருத்துவரைக் கேட்டு முடிவு செய்யட்டும்.